மையால் வேலி போட்ட வளையல்கள்

ரங்கூனில் குண்டு விழுந்து, பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கால்நடையாகத் திரும்பிக்கொண்டிருந்த வருஷம், ஆடி மாதம். அப்போது நாங்கள் ஆவடியை ஒட்டிய சேக்காட்டில் குடியிருந்தோம். ராணுவத்துக்காக அங்கே வரிசை வரிசையாகக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஓர் ஆபீஸில் என் கணவருக்கு வேலை. மகளுக்கு ஐந்து வயது, பையன் எட்டு மாதக் கைக்குழந்தை.

இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். இரண்டு தரம் எழுதிக் கிழித்தும் விட்டேன். நடந்தது என் தப்பு. ஆனால் என்னைப் போல எதற்கெடுத்தாலும் பதறுகிற தாய்மார்கள் இன்னும் நாலு பேர் இருப்பார்கள் அல்லவா? அவர்களுக்காவது உதவட்டும்.

முதலில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். வீட்டு வேலைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அவளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. அவள் வீட்டில் நின்றதால் நான் படித்தேன். மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பு வரை முடித்தேன். விடுதியில் தீபாவளிக்கும் பொங்கலன்றும் ஊருக்கு விடுவார்கள், பொங்கலுக்கு மறுநாள் கனுவுக்குள் திரும்பிவிட வேண்டும். சின்னப் பண்டிகைகளுக்கு விட மாட்டார்கள். கனு, ஆடிப்பெருக்கு, ஆடிப்பூரம், கார்த்திகை எல்லாம் அந்தச் சுவர்களுக்குள் சாதாரண நாள்களாகவே கழியும். அந்த நாள்களில் அக்காவிடமிருந்து எனக்கு ஏதாவது வரும். கடிதம் எழுத அவளுக்குத் தெரியாது. கனுவுக்கு நாலாக மடித்த ஒரு மஞ்சள் செடி இலை, கார்த்திகைக்குத் துணியில் முடிந்த இரண்டு பொரி உருண்டை, ஆடிப்பூரத்துக்கு என் கை அளவுக்கு இரண்டு கண்ணாடி வளையல். பட்டணத்துக்கு வருகிற யாரையாவது பிடித்துக் கொடுத்தனுப்புவாள். அந்த இலையைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க முகர்ந்து பார்ப்பேன்.

கல்யாணமாகி, மகளுக்குக் கையில் பென்சில் பிடிக்க வந்ததும், நாங்கள் இருவரும் அக்காவுக்கு அட்டை செய்து அனுப்ப ஆரம்பித்தோம். சின்னப் பண்டிகைகளுக்கு மட்டுந்தான். பெரிய பண்டிகைகளுக்குக் கடையில் வாழ்த்து விற்கிறதே! யுத்த காலத்தில் நல்ல காகிதம் கிடைக்கவில்லை. பழைய காலண்டரின் பின்அட்டை, கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கம் எதையும் விட மாட்டோம். மஞ்சளைக் கரைத்தால் மஞ்சள் நிறம். அதில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. அவரை இலையைக் கசக்கினால் பச்சை. சங்குப்பூவில் நீலம். கடைசியில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தபால் தலை ஒட்டிப் பெட்டியில் போடுவோம். 'படித்த திமிர்' என்று என் காதுபடவே சிலர் சொன்னதுண்டு. பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு அட்டையில் பூ வரைகிறாளே என்பார்கள். எனக்கே சில சமயம் அப்படித் தோன்றும். ஆனாலும் விடவில்லை.

அக்கா பூந்தமல்லியில் இருந்தாள். மாமா, அதாவது அவள் கணவர், ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் வேலை. மாசி மாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. திரும்பி வந்தவர்கள் சிலரைப் போய்க் கேட்டோம். ஒருவர் கப்பலில் பார்த்தேன் என்றார், ஒருவர் காட்டு வழியில் பார்த்தேன் என்றார், பார்க்கவே இல்லை என்றார் இன்னொருவர். அக்கா அழவில்லை. ஆனால் பங்குனியிலிருந்து புது வளையல் போடுவதை நிறுத்திவிட்டாள். பழசு உடைய உடைய, கைக்கு ஒன்று என்று வந்து நின்றது. "போட்டா ஏன் போட்டேன்னு கேப்பாங்க, போடாட்டி ஏன் போடலேன்னு கேப்பாங்க. இருக்கிறது இருக்கட்டும்டி" என்றாள் ஒரு தடவை.

அந்த வருஷம் ஆடிப்பூரத்துக்கு மூன்று நாள் முன்பு பையனுக்குச் சுரம். இராத்திரி முழுவதும் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதும், குறைந்துவிட்டதா என்று கையை மாற்றி வைத்துப் பார்ப்பதுமாக விடிந்தது. காலையில் மகள் காலண்டர் அட்டையோடு வந்து நின்றாள். தன் வளையலையும் என் வளையலையும் அதன் மேல் வைத்துச் சுற்றிச் சுற்றி வரைந்திருந்தாள். சின்னதும் பெரிதுமாகப் பன்னிரண்டு வளையல்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் நிறம். "பெரியம்மாவுக்கு ஆடிப்பூரத்து வளையல். போட்டுக்கொண்டு சிரிக்கவும்" என்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிறகு பையன் சிணுங்கினான். உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால், மைச்சிமிழைத் திறந்து, அட்டையின் நாலு பக்கமும் விரல் தடிமனுக்குக் கண்மையால் கோடு இழுத்திருந்தாள்.

"இன்னாடி இது?"

"வேலிம்மா. போற வழில வளையல் கீழ வுழுந்துடாம."

சிரித்துவிட்டேன். நான் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். கோணல் இல்லாமல் இழுத்திருக்கிறாளே என்று மெச்சிக்கூடச் செய்தேன். சுவரில் மாட்டிய படத்துக்குச் சட்டம் போட்டது போலத்தான் என் கண்ணுக்குப் பட்டது. மூலையில் தடவ அரைத்த மஞ்சள் இல்லை. அரைக்க நேரமும் இல்லை. ஒரு தடவை தடவாவிட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டு முகவரி எழுதினேன். ஸ்டேஷன் பக்கத்துச் சிவப்புப் பெட்டிவரை அவளைக் கூட்டிப்போய்த் தூக்கிப் பிடித்தேன். அவளே உள்ளே போட்டாள்.

மத்தியானம் பக்கத்து வீட்டுக்கார அம்மாள் முறம் கேட்டு வந்தார். நல்ல மனுஷி. மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார். மகள் ஓடிப்போய்ப் பெருமையடித்துக்கொண்டாள்.

"பெரியம்மாவுக்கு வளையல் அனுப்பிட்டேனே! சுத்தி மையால வேலி!"

"மையாலயா? கருப்பா, சுத்தியுமா?" என்று அவர் என்னைப் பார்த்தார். "ஏம்மே, நீ பாக்கலியா?"

"பார்த்தேன்க்கா. அழகாத்தான் இருந்துச்சு."

"பாத்துட்டா போட்டே? எழவு கடுதாசிக்குத்தாம்மே கருப்பு கரை கட்டுவாங்க! உங்கக்கா ஊட்டுக்காரரு பர்மால கீறாரு, சேதி இல்லேன்னு நீதானே சொன்னே?"

நான் முறத்தைக் கீழே வைத்தேன். மஞ்சள் தடவிய கடிதம் நல்லதுக்கு, கருப்புக் கரை போட்ட கடிதம் சாவுக்கு. இது தெரியாத வீடு நம் ஊரில் உண்டா? எனக்கும் தெரியும். நூறு தரம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் என் வீட்டில், என் கண் எதிரில், என் குழந்தை இழுத்தபோது அது தெரியவில்லை. அக்கா அட்டையை வாங்கியதும் எழுத்தைப் பார்க்க மாட்டாள். பார்த்தாலும் அவளுக்குப் படிக்கத் தெரியாது. கரையைத்தான் பார்ப்பாள்.

பையனை இடுப்பில் போட்டுக்கொண்டு தபாலாபீஸுக்கு ஓடினேன். அங்கிருந்தவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பை கட்டி ரயில்ல ஏத்தியாச்சும்மா. நாளைக்கே பூந்தமல்லில குடுத்துடுவாங்க. சீக்கிரம் போனா சந்தோஷந்தானே?"

தந்தி கொடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் தந்திக்காரனைத் தூரத்தில் கண்டாலே அக்கா விழுந்துவிடுவாள். நல்லது சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை.

சாயங்காலம் கணவர் வந்ததும் சொன்னேன்.

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். சேதி எழுதியிருக்கே, படிச்சா தெரிஞ்சுடாதா?" என்றார்.

"அக்காவுக்குப் படிக்கத் தெரியாதே."

அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "எனக்கு லீவு தர மாட்டாங்க. காலைல நீ போயிட்டு வந்துடு. தபால்காரர் கிளம்பறதுக்குள்ள போயிடலாம்" என்றார்.

விடிந்ததும் பையனைத் தொட்டுப் பார்த்தேன். சுரம் விட்டிருந்தது போலவும் இருந்தது, விடாதது போலவும் இருந்தது. பால் குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டும் போக முடியாது. மகளை மட்டும் பக்கத்து வீட்டில் விட்டேன். அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மாவுக்கு வளையல் புடிக்கலியாம்மா?" என்று கேட்டாள். அவள் கையை விலக்கிவிட்டு நடந்தேன். பாதி வழியில், ஏதாவது சொல்லிவிட்டு வந்திருக்கலாமே என்று அது வேறு உறுத்தியது.

பெட்ரோல் கிடைக்காததால் கரிப்புகையில் ஓடுகிற பஸ் ஒன்று உண்டு. அது வரும் நாளைவிட வராத நாளே அதிகம். அன்று வரவில்லை. முகாமுக்குக் காய்கறி இறக்கிவிட்டு வெறும் கூடைகளோடு பூந்தமல்லிக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாட்டு வண்டிக்காரரிடம் கெஞ்சி ஏறிக்கொண்டேன். பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு வந்ததும் மாடுகள் தண்ணீருக்கு நின்றுவிட்டன.

"கொஞ்சம் சீக்கிரம் போகக் கூடாதாங்க?" என்றேன் மூன்றாவது தடவையாக.

"நைனா, கேட்டியா? அம்மாவுக்கு அவசரமாம்" என்று அவர் மாட்டிடம் சொன்னார். மாடு தலையைத் தூக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "யாராச்சும் பூட்டாங்களாம்மா?" என்றார்.

"இல்லீங்க. யாரும் போகலேன்னு சொல்லத்தான் போறேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மாடுகளை விரட்டினார்.

கரையான்சாவடி வந்ததும் வண்டியிலிருந்து இறங்கிவிட்டேன். நடந்தால் வேகமாகப் போகலாம் என்று தோன்றியது. தபாலாபீஸ் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. தபால்காரர் கிளம்பி ஒரு மணி நேரம் ஆயிற்று என்றார்கள். எந்தத் தெருவிலிருந்து ஆரம்பிப்பார் என்று கேட்டேன். ஒருவர் ஒன்று சொன்னார். அந்தத் தெருவுக்கு ஓடினால், "இப்பத்தாம்மா அந்தாண்ட போனாரு" என்றார்கள். அந்தாண்டை போனால் சோடாக் கடைக்காரர், "இந்நேரம் கோயில் தெரு தாண்டியிருப்பாரு" என்றார். கோயில் தெருவுக்கு அடுத்தது அக்காவின் தெரு. என் கொண்டை அவிழ்ந்து தொங்கியது. ஒரு கால் செருப்பு வார் அறுந்துவிட்டது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டேன். பையன் என் தோளில் வீறிட்டுக்கொண்டிருந்தான்.

தெரு முனை திரும்பியதும் பார்த்தேன். அக்கா வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம்.

அப்படி ஒரு கூட்டம் எதற்குக் கூடும் என்று நமக்கெல்லாம் தெரியும். நான் எழுதின எழுத்து, என் மகள் இழுத்த கோடு, நான் தூக்கிப் பிடித்த பெட்டி எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன. எப்படித்தான் மிச்சத் தூரம் நடந்தேனோ, கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்தேன். "அக்கா!" என்று கத்தினேன் போலிருக்கிறது. கத்தியது எனக்கு நினைவில்லை. பிறகு அக்கா சொன்னாள்.

நடுவில் வளையல்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் அக்கா. மறுநாள் பூரம் என்பதால் தெருப் பெண்கள் எல்லாம் வளையல் போட்டுக்கொள்ளக் கூடியிருந்தார்கள். அக்காவின் இடது கை நிறையப் பச்சை வளையல் ஏறியிருந்தது. வலது கை வளையல்காரரின் பிடியில் இருந்தது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தலை அவிழ்ந்து, செருப்பைக் கையில் பிடித்து, அழுகிற குழந்தையோடு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற தங்கையை. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வற்றிப்போனதை நான் பார்த்தேன். விரல்கள் இறுகின. பாதி ஏறியிருந்த வளையல் ஒன்று சடக்கென்று உடைந்தது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா..." என்றாள் அக்கா. "சேதி வந்துடுச்சாடி?"

என்னைக் கொன்றாற்போல் இருந்தது. எந்தப் பயத்திலிருந்து அவளைக் காப்பாற்ற ஓடி வந்தேனோ, அந்தப் பயத்தை நானே சுமந்து வந்து அவள் வாசலில் இறக்கிவிட்டேன்.

"இல்லக்கா! ஒண்ணுமில்ல. சத்தியமா ஒண்ணுமில்ல. நீ... நீ வளையல் போட்டுக்கிட்டியான்னு பார்க்க வந்தேன்."

அக்கா பெருமூச்சு விட்டு, இருந்த இடத்திலிருந்தே உடைந்த வளையல் துண்டு ஒன்றை எடுத்து என் மேல் வீசினாள்.

"அடிப்பாவி! உசிரு பூட்டு உசிரு வந்துச்சுடி. கடுதாசி எம்மாம் மங்களமா வந்துச்சு! நீதான் எழவு சொல்ல வந்தவ மாதிரி தலைய விரிச்சுகினு வந்து நிக்கிறே."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வாயைப் பொத்திய பெண் மட்டும் தரையிலிருந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளையல்காரர் அதைக் கவனித்துவிட்டார்.

"கைல ஏறச்சே ஒடஞ்சா அது வளையக்காரன் தலையெழுத்தும்மா, போட்டுக்கிறவங்களுது இல்ல" என்று துண்டுகளைத் துடைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "நீ கைய தளர வுடு. வந்த தங்கச்சிக்கும் ரெண்டு போட்டாத்தான் அழுகை நிக்கும் போலக்கீது."

அப்போதுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

பையனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அக்கா உள்ளே கூட்டிப்போனாள். அவன் அவள் கை வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுகையை நிறுத்தினான். உடம்பு குளிர்ந்திருந்தது. சுவரில், சாமி படத்துக்குக் கீழே, சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது அந்த அட்டை.

"ஏண்டி, உம் பொண்ணு இம்மாம் மஞ்சளையா அப்புவா? கைல எடுத்ததும் விரலெல்லாம் மஞ்சா. தபால்காரரு வாசல்ல நின்னு படிச்சாரு. போட்டுக்கிட்டு சிரிக்கணுமாமே! இந்த ஊர்ல எவளும் எனக்கு இதச் சொல்லல. பின்னாடியே வளையக்காரரு வந்தாரு, கூப்புட்டுட்டேன்."

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். நாலு மூலையிலும் மஞ்சள். நாலு பக்கமும் மஞ்சள். இன்னும் முழுக்கக் காயவில்லை. ஓர் இடத்தில் மட்டும் மஞ்சளுக்கு அடியிலிருந்து மை, கரும்பச்சையாக எட்டிப் பார்த்தது. என் வீட்டில் அன்று மஞ்சளே அரைக்கவில்லை.

"தபால்காரர் எங்கக்கா போனாரு?"

"அடுத்த தெருவுக்கு. ஏன்?"

"ஒண்ணு கேக்கணும். இதோ வந்துட்டேன்" என்று வெளியே ஓடினேன்.

அவரைப் பிடித்துவிட்டேன். என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவராகத்தான் இருப்பார். ஒல்லியான ஆள். காக்கிச் சட்டையில் பொத்தானுக்குப் பதில் ஊக்கு. அட்டையைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் கடுத்தது. வலது கை விரல்களில் மஞ்சள் கறை இருந்தது.

"நீங்கதான் அனுப்பினதா? படிச்ச அம்மாதானே? கையெழுத்து முத்து முத்தா கீது. அந்தம்மாவுக்கா கருப்பு கரை போட்டு அனுப்புவாங்க?"

"குழந்தை போட்டது. நான்தான் கவனிக்கல."

"நீங்க எழுத்த பாத்தீங்க. எழுத்து தெரிஞ்சவங்க அதத்தான் பாப்பாங்க. அவங்க ஓரத்தத்தாம்மா பாப்பாங்க." அவர் பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "தெனம் வாசல்ல நிப்பாங்க. 'பர்மாலேர்ந்து இன்னாவது கீதா'ன்னு கேப்பாங்க. 'நாளைக்கு வரும்மா'ன்னு சொல்லிட்டுப் போவேன். இன்னிக்கு காலைல பிரிச்சு அடுக்கச்சே இது கைல வந்துச்சு. நானே பயந்துட்டேன். அப்பறம் படிச்சா வளையலாம், சிரிக்கணுமாம்! சிரிக்கிறதா அழுவறதா? மளிகைக் கடைல துளி மஞ்சா கேட்டு, தண்ணி வுட்டுக் கொழச்சேன். மூலைக்கு மட்டும் வெச்சுடலாம்னு பாத்தேன். கருப்பு எட்டிப் பாக்குது. அதான் சுத்தி பூசிட்டேன்."

கும்பிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"கும்புடெல்லாம் வாணாம். தபால்ல கை வெச்சேன்னு தெரிஞ்சா எனக்கு வேலை பூடும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்க அக்காகிட்டயுந்தான்."

நாலடி போனவர் திரும்பினார்.

"பாப்பாகிட்ட வேலி நல்லா கீதுன்னு சொல்லுங்க. ஒரு வளையல்கூட வுழல."

இந்தக் கட்டுரையில் யாருடைய பெயரையும் நான் எழுதாததற்கு அவரும் ஒரு காரணம்.

அன்று சாயங்காலம் கையில் நாலு பச்சை வளையலோடு சேக்காட்டுக்குத் திரும்பினேன். தபால்காரர் சொன்னதை மகளிடம் அப்படியே சொன்னேன். "நாந்தான் அப்பவே சொன்னேனே" என்றாள்.

அக்காவிடம் உண்மையை நான் இன்றுவரை சொல்லவில்லை. தபால்காரருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், எனக்கிருந்த பயம் ஒரு பக்கம். சொல்லியிருக்க வேண்டுமோ என்று சில நாள் தோன்றும். சொல்லாததே நல்லது என்று சில நாள் தோன்றும். அந்தக் கரும்பச்சைத் திட்டை அவள் பார்க்காமலா இருந்திருப்பாள்? அந்த அட்டையைத் தினம் பார்க்கிறவள் ஆயிற்றே.

கார்த்திகைக்கு எங்களுக்கு ஓர் அட்டை வந்தது. ஏதோ அட்டைப்பெட்டியை வெட்டி எடுத்தது. முகவரியை யாரைக் கொண்டு எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். திருப்பினேன். ஓர் எழுத்துக்கூட இல்லை. நாலு மூலையிலும் மஞ்சள். நடுவில், வளையலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்த ஒரு வட்டம். பென்சில் பிடித்துப் பழக்கமில்லாத கை, இரண்டு இடத்தில் கோடு விலகியிருந்தது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு என்ன அர்த்தம், அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவதா, சேதி ஏதாவதா என்று மனசு வழக்கம்போல ஓட ஆரம்பித்தது. மகள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கி ஒரு பார்வை பார்த்தாள்.

"பெரியம்மா வளையல் போட்டுக்கினு கீறாங்களாம்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

மாமாவிடமிருந்து இன்னும் கடிதம் வரவில்லை. அக்கா வாசலில் நிற்கிறாள். சின்னப் பண்டிகை ஒவ்வொன்றுக்கும் எங்கள் அட்டை போகிறது, அவளுடைய அட்டை வருகிறது. இப்போதெல்லாம் எதை எழுதி முடித்தாலும் எழுத்தை ஒரு முறை படித்துவிட்டு, எழுத்தறியாத ஒருத்தியின் கண்ணால் அதன் ஓரத்தையும் ஒரு முறை பார்க்கிறேன். யார் வீட்டுக்காவது பதறிக்கொண்டு கிளம்பும்போது, வாசலைத் தாண்டுமுன் என் முகத்தையும் அப்படித்தான் பார்த்துக்கொள்கிறேன்.